பாமாயில் பாக்கெட்டில் தொடங்கும் பாடம்

“சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு உலக வணிகம்? முதலில் சொந்த ஊரையும் சொந்த நாட்டையும் தெரிந்துகொள்ளட்டும். சொந்தக் காலில் நிற்கப் பழகட்டும். ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் பெரியவர்கள் சமாசாரம்.”

பெற்றோர் கூட்டத்தில், ஆசிரியர் அறையில், பாடத்திட்டம் பற்றிய பேச்சு எழும் இடங்களில் எல்லாம் இந்தக் கருத்தைக் கேட்டுவருகிறேன். சொல்பவர்கள் பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர்கள். நாட்டின்மேல் பற்று உள்ளவர்கள். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நான் தலையாட்ட மாட்டேன். தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்தக் கருத்து தவறு. பிள்ளைகளுக்குக் கேடு செய்கிற தவறு.

இதற்குள் மூன்று வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குப் புரியாது என்பது முதலாவது. பிற நாடுகளைச் சார்ந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொடுத்தால் தற்சார்பு உணர்வு மங்கிவிடும் என்பது இரண்டாவது. உலக வணிகப் பாடம் என்ற பெயரில் பெருநிறுவனங்களின் புகழ்தான் வகுப்பறைக்குள் நுழையும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் முழுத் தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அதை அதன் இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

புரியாது என்பவர்களை ரேஷன் கடைக்கு அழைக்கிறேன். ஸ்மார்ட் கார்டையும் பையையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்ற அனுபவம் என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். இரண்டு விலையும் அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைவது. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் மரத்தின் பழத்திலிருந்து பிழிந்தெடுப்பது. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. பருப்பின் கதையும் அப்படித்தான். நம் நாட்டுத் துவரை போதாத ஆண்டுகளில் மொசாம்பிக், தான்சானியா, மலாவி, மியான்மர் நாட்டு விவசாயிகள் விளைவித்த துவரை கப்பலேறி வருகிறது. மொசாம்பிக்கிடம் ஆண்டுதோறும் பருப்பு வாங்க 2016இல் இந்திய அரசு ஒப்பந்தமே போட்டது. துவரைக்குப் பதிலாக ரேஷன் கடையில் கனடா மஞ்சள் பருப்பு போட்ட காலமும் உண்டு. சாம்பார் ருசி மாறிவிட்டது என்று அடுப்படியில் எழுந்த முணுமுணுப்பு அயல்நாட்டு வணிகம் பற்றிய பேச்சுதான். அதைக் கேட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்திருந்தது பிள்ளைகள்தான்.

இதை வைத்து ஐந்தாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்தினேன். முதலில் இந்தோனேசியாவின் கதை. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கும் நாடு அது. 2022இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டதும் பாமாயிலுக்கு இன்னும் கிராக்கி. விளைத்த நாட்டு மக்களே எண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். அந்த அரசு ஏப்ரல் 28 முதல் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23இல்தான் மீண்டும் திறந்துவிட்டது. “நிறுத்தியது சரியா?” என்று கேட்டேன். “சரிதான் டீச்சர். அவங்க எண்ணெய் அவங்களுக்கே இல்லாம நமக்கு எதுக்கு?” என்றது பாதி வகுப்பு. “திடீர்னு நிறுத்தினா வாங்கறவங்க என்ன பண்ணுவாங்க?” என்றது மீதி.

அடுத்து நம் கதை. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்நாட்டில் விலை ஏறக் கூடாது என்பதுதான் காரணம். உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு நம்முடையது. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் அரிசி மூட்டைக்கு முண்டியடிப்பு. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நம் அரிசியை நம்பியிருந்த நாடுகளில் விலையேற்றம். அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் தடை நீங்கியது. சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிறுமி எழுந்துவிட்டாள்: “அப்போ அவங்க செஞ்சதும் நாம செஞ்சதும் ஒண்ணுதானே டீச்சர்?”

பத்து வயதுப் பிள்ளை ஒரு பாடவேளையில் எட்டிய இடம் இது. உணவுப் பொருளின் ஏற்றுமதியை ஒரு நாடு எப்போது நிறுத்தலாம், நிறுத்தினால் பிறருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அமைச்சர்களும் தூதர்களும் ஜெனீவாவில் ஆண்டுக்கணக்கில் பேசுகிறார்கள். அந்தச் சிறுமிக்கு அன்னியச் செலாவணி என்ற சொல் தெரியாது. பங்கு போடுவது, வாக்குக் காப்பாற்றுவது, திடீரென்று கையை விரிப்பது ஆகியவை தெரியும். வணிகத்தின் நியாயம் இவற்றால் ஆனது.

“வீடு, பிறகு தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், நாடு, கடைசியில் உலகம். இந்த வரிசையில்தான் பிள்ளையின் அறிவு விரியும்” என்று முறை சொல்வார்கள். நில வரைபடம் வரைய இது நல்ல வரிசை. பிள்ளையின் வாழ்க்கை இந்த வரிசையில் அமையவில்லை. பக்கத்து மாவட்டத்தின் தலைநகரைப் பார்த்திராத பிள்ளையின் அப்பா துபாயில் இருக்கிறார். திருப்பூர்ப் பக்கம் போனால், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அம்மாவுக்கு இந்த வாரம் ஒன்றரை ஷிஃப்டா ஒரே ஷிஃப்டா என்பது கடல் கடந்த ஆர்டரைப் பொறுத்தது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, அந்தச் செய்தி பவர் டேபிளில் தைப்பவர்களின் வீட்டுக்குள்ளும் கைமடி வேலை பார்ப்பவர்களின் வீட்டுக்குள்ளும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் வரவில்லை. தெருவைப் பற்றிய பாடம் முடிந்து, மாவட்டம் முடிந்து, உலகம் வரும்வரை அந்த வீட்டுப் பிள்ளை காத்திருக்க வேண்டும் என்கிறோம். எங்கோ எடுத்த முடிவு ஏன் தன் வீட்டுச் சம்பளத்தில் விழுகிறது என்று தெரியாத பிள்ளை, குறையை அம்மாவிடமோ விதியிடமோ தேடும்.

பாடத்தில் இது அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்புப் பொருளியலில் உலகமயமாதலும் வர்த்தகமும் ஓர் அலகாகவே இருக்கிறது. பொதுத்தேர்வு ஆண்டில், ஆண்டுகளும் அமைப்புகளுமாக, ஒரு மதிப்பெண் வினாவுக்கும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் நடுவே அதைப் படிக்கிறார்கள். காட் ஒப்பந்தம் 1947, உலக வர்த்தக அமைப்பு 1995. இந்த எண்கள் மனத்தில் ஒட்ட வேண்டுமானால் பாமாயில் பாக்கெட் ஐந்து வருடம் முன்பே மேசைக்கு வந்திருக்க வேண்டும். வயது வரட்டும் என்று காத்திருந்ததால் கிடைத்தது புரிதல் இல்லை, மனப்பாடம்.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். இதுதான் உணர்ச்சியோடு சொல்லப்படுவது. வ.உ.சி.யின் மண்ணில் சுதேசியைச் சொல்லிக்கொடுக்காமல் சார்ந்திருப்பதைச் சொல்லிக்கொடுப்பதா என்று கேட்கிறார்கள்.

வ.உ.சி.யையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1906இல் அவர் தூத்துக்குடியில் தொடங்கியது கப்பல் கம்பெனி. அந்தக் கப்பல்கள் ஓடிய வழி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில். காலியா, லாவோ என்ற அந்த இரண்டு கப்பல்களும் ஐரோப்பாவில் வாங்கியவை. கடலை மூடு, வணிகத்தை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. கடல் வணிகத்தில் கப்பலும் கட்டணமும் யார் கையில் இருக்கின்றன என்பதே அவர் கேள்வி. வெள்ளையர் கம்பெனி ஒன்றே வழியை வைத்துக்கொண்டு விலை சொல்லும் நிலையை அவர் உடைக்கப் பார்த்தார். ஆங்கிலேய அரசு அவரைச் சிறையில் தள்ளிச் செக்கிழுக்க வைத்தது. கப்பலோட்டிய தமிழனின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, கப்பல் எதை ஏற்றிக்கொண்டு எங்கே போனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கடல் வணிகம் நம் மரபுக்கு அயலானதும் இல்லை. தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் சுமத்ராவின் பாருஸ் பகுதியில் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். சீனத்தின் சுவான்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் காரமே இரவல்தான்: மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வழியாக வந்தது, மிளகை நினைத்து அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். பிள்ளை உட்காரும் வகுப்பறையில் மேசை, ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள். இவற்றைச் சொல்வதால் எந்தப் பிள்ளையின் தமிழ்ப்பற்றும் குறையவில்லை. தன் மொழி எவ்வளவு தூரம் போய் வந்தது என்று தெரிந்ததும் கண் விரிந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

தற்சார்பு வேண்டாம் என்பதா என் வாதம்? இல்லவே இல்லை. தற்சார்பை உண்மையாக விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. எதற்கு யாரை நம்பியிருக்கிறோம், அது நின்றால் எத்தனை நாள் தாங்குவோம், நம்மை நம்பியிருப்பவர் யார்? இந்தக் கணக்கு இல்லாத தற்சார்பு வெறும் கோஷம்.

கோஷம் என்ன செய்யும் என்பதைப் பக்கத்திலேயே பார்த்தோம். 2021இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடை செய்தது. இயற்கை வேளாண்மை நல்ல இலக்கு. அதை நான் மறுக்கவில்லை. எந்த வயல் எந்த உரத்தை எவ்வளவு நம்பியிருக்கிறது, மாற்று எருவுக்கு எங்கே போவது என்ற கணக்கில்லாமல் தடை வந்தது. நெல் விளைச்சல் சரிந்தது. தேயிலையும் அடி வாங்கியது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசியை வெளியிலிருந்து வாங்கியது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது பருவம் போய்விட்டது. கடனும் வரிக்குறைப்பும் சுற்றுலா வருமானம் நின்றதும் சேர்ந்து அன்னியச் செலாவணி வற்றியது. 2022 மார்ச்சில் கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்துப் பள்ளிகளில் தவணைத் தேர்வுகளை ஒத்திவைத்தார்கள். காரணம், வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லை. தாளும் மையும் வெளிநாட்டிலிருந்து வருபவை. வாங்க டாலர் இல்லை. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் போயின. சார்ந்திருப்பதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் சார்ந்திருப்பது இல்லாமல் போய்விடாது. அது பேசாமல் காத்திருந்து, நாம் எதிர்பாராத நாளில் வந்து நிற்கும்.

நம் நாட்டிலும் அதைப் பார்த்தோம். 2021 தொடக்கத்தில் புனேயில் தயாரான கொரோனா தடுப்பூசி பல நாடுகளுக்குப் போனது; பெருமைப்பட்டோம், பெருமைப்படத் தக்கதுதான். அதே தடுப்பூசியைத் தயாரிக்க வேண்டிய வடிகட்டிகளும் பைகளும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியிருந்தன. அவற்றைத் தடுக்காதீர்கள் என்று தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஏப்ரலில் அமெரிக்க அதிபரிடம் வெளிப்படையாக வேண்டிக்கொண்டார். அதே வாரங்களில் இரண்டாம் அலை தாக்க, நாம் ஏற்றுமதியை நிறுத்தினோம். நம் ஊசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் காத்திருந்தன. நம் திறமை, நம் தேவை, நம்மை நம்பியவர்களின் தவிப்பு மூன்றும் ஒரே சின்னக் குப்பிக்குள் இருந்தன. பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மறைத்தால், நாம் ஊட்டுவது நாட்டுப்பற்று ஆகாது, பாதிக் கதை.

இனி மூன்றாவது வாதம். உலக வணிகம் என்றால் நாடுகள் கைகோத்து நிற்கும் படம், எல்லாருக்கும் நன்மை என்ற வாசகம், பெரிய நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல். இப்படித்தான் பாடம் அமையும், ஆகவே வேண்டாம் என்கிறார்கள். அப்படி அமைகிற பாடங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைகோத்து நிற்கும் படத்தில் எல்லாக் கைகளும் ஒரே அளவில் இருக்கும். நிஜத்தில் அப்படி இல்லை.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேலைநாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தவர்கள். நம் நொய்யல் ஆறு சாயக்கழிவால் நாசமாகி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களின் உழைப்பைச் சுரண்டியதும் இந்த வணிகச் சங்கிலியின் ஒரு கண்ணிதான். கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கப்பலேற்றிய நம் மக்களின் பேரப்பிள்ளைகள் இலங்கை மலையகத்தில் இன்றும் கூலி உயர்வுக்குப் போராடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு, ஆகவே பிள்ளைகளிடம் உலக வணிகத்தைப் பேசாதே என்பது எப்படி முடிவாகும்? பாடநூல் பேசாவிட்டால் விளம்பரம் பேசும். சாக்லேட் பற்றிப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது தொலைக்காட்சிதான். உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது என்பதையோ, அந்த இரு நாட்டுக் கோகோத் தோட்டங்களில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேலை செய்வதாக 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டதையோ விளம்பரம் சொல்லாது. அதைச் சொல்ல ஆசிரியரை விட்டால் ஆள் இல்லை.

இதற்கு முன்னோடி நம்மிடமே இருக்கிறார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, கிராமப் பொருளாதாரத்தின் பெரிய சிந்தனையாளர், காந்தியின் தோழர். உள்ளூர்ப் பொருளை வாங்கு என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர். 1930களில் கிராம இயக்கத்தை விளக்கி எழுதியபோது அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு கோகோ டப்பா. மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பில் பறித்த கொட்டை, ஆதிக்கம் செலுத்தும் நாட்டின் கப்பல், குறைந்த கூலிக்கு ஆலையில் வேலை, அரசியல் பலத்தால் கிடைத்த வரிச்சலுகை என்று டப்பாவின் வழித்தடத்தை ஒவ்வொன்றாகக் காட்டி, அதை வாங்குகிறவருக்கு இவை அத்தனையிலும் பங்கு உண்டு என்று நிறுவினார். தொலைவில் நடப்பதை வாங்குகிறவரால் பார்க்க முடியாது, ஆகவே பக்கத்தில் வாங்கு என்பது அவர் கண்ட முடிவு. அந்த முடிவை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். அந்த முடிவுக்கு அவர் போன வழியைக் கவனியுங்கள். உலக வணிகத்தை நுணுக்கமாகத் தெரிந்துகொண்டுதான் அவர் உள்ளூருக்கு வந்தார். தற்சார்பு அணியின் தலைமகனே ஒரு டப்பாவைக் கையில் எடுத்து உலகத்தைக் காட்டியிருக்கும்போது, அவர் பெயரைச் சொல்லி உலகத்தை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சமமில்லாத பேரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பெரிய ஏற்பாடும் வேண்டாம். பல நாட்டு ஆசிரியர்கள் ஆடவைக்கும் ஒரு விளையாட்டு உண்டு. வகுப்பை ஐந்து நாடுகளாகப் பிரியுங்கள். சிலருக்குக் கத்தரிக்கோலும் அளவுகோலும் நிறைய, தாள் குறைவு. சிலருக்குத் தாள் கட்டுக்கட்டாக, கத்தரிக்கோல் இல்லை. வட்டமும் முக்கோணமும் வெட்டிக் கொண்டுவந்தால் ஆசிரியர் ‘விலை’ கொடுப்பார். பாதி ஆட்டத்தில் வட்டத்தின் விலையைச் சொல்லாமல் குறைத்துவிடுங்கள். கத்தரிக்கோல் நாடு ஒரு கத்தரிக்கோலை இரவல் கொடுத்துப் பத்துத் தாள் கேட்கும்போது எழும் கூச்சலைக் கேளுங்கள். பேரம், கூட்டணி, கடன், ஏமாற்றம், பெருந்தன்மை எல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆட்டம் முடிந்ததும், “உங்களிடம் தாள் இவ்வளவு இருந்தும் ஏன் தோற்றீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். பருத்தியும் கோகோவும் விளைவிக்கிற நாடுகள் ஏன் பணக்கார நாடுகளாகவில்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் பதில் பத்தாம் வகுப்பு வரை மறக்காது.

ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்வது இதுதான். புதுப் பாடநூலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் காலியான பாக்கெட்டுகள், ஓர் உலக வரைபடம், கொஞ்சம் நூல் போதும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிள்ளைகளே படித்து, பொருள் வந்த இடத்திலிருந்து நம் ஊர் வரை நூல் கட்டட்டும். ஒவ்வொரு நூலுக்கும் நான்கு கேள்விகள் கேட்போம். இது எங்கிருந்து வந்தது? எத்தனை பேர் கை பட்டு வந்தது? நாம் கொடுத்த விலையில் யாருக்கு எவ்வளவு போனது? இது நின்றால் இங்கே யாருக்கு வலிக்கும், அங்கே யாருக்கு வலிக்கும்? கடைசிக் கேள்வியை மட்டும் எந்த நாளும் விட்டுவிடாதீர்கள். சார்ந்திருப்பது இரண்டு பக்கமும் ஓடுகிற உறவு என்பதை அது ஒன்றுதான் காட்டும்.

அன்று எழுந்து நின்று “ஒண்ணுதானே டீச்சர்?” என்று கேட்ட சிறுமி, இந்தோனேசியாவில் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஒருவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். அதனால் அவள் இந்தியாவை நேசிப்பது குறையவில்லை. தன் நாட்டின் முடிவு பிறர் அடுப்பில் என்ன செய்யும் என்று யோசிக்கத் தெரிந்த குடிமகளாக அவள் வளரப்போகிறாள்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத் தாள் தட்டுப்பாடு நடத்தியது. நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் நடத்தட்டும்.